சொங்யே காவல் சிற்பங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பெல்ஜியத்தின் டெர்வூரன் அருங்காட்சியகத்தில் காங்கோவின் சொங்யே மக்களுடைய மரச்சிற்பம் ஒன்றைப் பார்த்தேன். தலையில் கொம்பு, முகத்தில் செம்புத் தகடுகள், பார்க்கவே அச்சம். இந்தச் சூனியப் பொம்மையைச் செதுக்கிய சிற்பி யாராக இருப்பார்? பாரிஸில் வாழ்ந்த ஓவியர் பிக்காசோவை இவை பாதித்தனவா?

கே.

அன்புள்ள கே.,

பிக்காசோவை விட்டுவிடுங்கள். ஆப்பிரிக்கச் சிற்பத்தைப் பற்றிப் பேச வாயெடுத்ததுமே பாரிஸுக்கு ஓடும் பழக்கம் நமக்கு வேண்டாம்.

சூனியப் பொம்மை என்று எப்படி எழுத மனம் வந்தது? சூனியத்திலிருந்தும் நோயிலிருந்தும் பிள்ளையின்மையிலிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ளவே அம்மக்கள் ன்கிஷி எனும் இவ்வுருவங்களை நிறுவினார்கள். உங்களை அச்சுறுத்திய முகம் ஊருக்குத் தீங்கு எண்ணியவனை அச்சுறுத்துவதற்கானது. ஆனாலும் அதன் முன் நின்று அஞ்சினீர்களே, அழகு என்று சொல்லிக் கடந்து போகாமல், அது எனக்குப் பிடித்திருக்கிறது.

சிற்பி யார் என்ற கேள்வியைத்தான் என்னால் எளிதில் விட முடியவில்லை. சில காலமாக நான் நினைத்துக்கொண்டிருப்பதும் அதுதான். சிற்பி உடலை மட்டுமே செதுக்கித் தருகிறார். ன்கங்கா எனும் சடங்கு வல்லுநர் விலங்கு, தாவரம், மண் ஆகியவற்றிலிருந்து சேர்த்த மருந்துப்பொருள்களைத் தலையின் கொம்பிலும் வயிற்றுக் குழியிலும் வைத்து அடைக்கும்வரை அது வெறும் மரம்தான். அதன்பின் ஊர்ப்பொதுவான பெரிய உருவத்தை யாரும் வெறுங்கையால் தொடுவதில்லை, அவ்வுருவத்தின் கைகளோடு பிணைத்த கழிகளைப் பிடித்தே நகர்த்துவார்கள். அதற்கெனப் பெயர் உண்டு, பிறை தோன்றும் நாளில் சடங்கு உண்டு, அது அழிந்த பிறகும் ஊர் அதன் பெயரைச் சொல்லிப் பழைய நிகழ்ச்சிகளை நினைவுகூரும். அங்கே நிலைத்த புகழ் ன்கங்காவுக்கே, செதுக்கியவருக்கு அன்று.

ஐரோப்பிய அருங்காட்சியகம் ஒன்றில் கொம்பு பிடுங்கப்பட்டு, வயிறு காலியாக, நாரும் தோலும் களையப்பட்டு நின்ற ஓர் உருவத்தைப் பார்த்திருக்கிறேன். அதன் அருகிலிருந்த குறிப்பு வடிவத்தின் தூய்மையைப் புகழ்ந்தது. எனக்குக் கோபத்தில் கண் கலங்கியது. ஒரு ஊரே சேர்ந்து உயிரூட்டியதை உரித்துவிட்டு, எஞ்சிய மரத்தைக் கலை என்கிறார்கள். நீங்களும் அதைக் கற்றுக்கொண்டு சிற்பியின் பெயரைக் கேட்கிறீர்கள்.

கேட்க வேண்டியது வேறு. காங்கோ 1885 முதல் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனியுடைமையாகவும், 1908 முதல் 1960 வரை பெல்ஜியத்தின் குடியேற்ற நாடாகவும் இருந்தது. நீங்கள் கண்ட சிற்பம் எந்த ஊரைக் காத்தது, யார் கையால், எந்த ஆண்டில் அங்கிருந்து எடுக்கப்பட்டது என்று அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள்.