ஆங்கில வினைச்சொல்: வந்த கேள்விகளும் என் பதில்களும்

‘வாக்’, ‘கால்’, ‘வான்ட்’ மாதிரி கடைசியில் ஈடி என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்தால் இறந்தகாலமாகிவிடும் ஒழுங்கான வினைகளைப் பற்றி மட்டும் இன்று பேசலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

பன்னிரண்டு டென்ஸையும் கட்டம் போட்டு மனப்பாடம் செய்கிறேன். இரண்டே நாளில் மறந்துவிடுகிறது. வேறு வழி உண்டா?

கட்டத்தை மூடி வையுங்கள். ‘வாக்’ என்ற சொல்லுக்கு மொத்தமே நான்கு உருவம்தான்: வாக், வாக்ஸ், வாக்ட், வாக்கிங். நம் ‘நட’வைப் பாருங்கள், நடக்கிறேன், நடக்கிறாள், நடந்தோம், நடப்பார்கள், நடந்தது என்று காலம், இடம், பால், எண் எல்லாவற்றுக்கும் மாறிக்கொண்டே போகும். அதை யோசிக்காமலே பேசுகிற உங்களுக்கு நான்கு உருவம் ஒரு சுமையே இல்லை.

ஆங்கிலத்தில் மீதி வேலையெல்லாம் துணைவினை பார்த்துக்கொள்கிறது. ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீன் வந்தால் பின்னால் வாக்கிங். ஹேவ், ஹேஸ், ஹேட் வந்தால் வாக்ட். டூ, டஸ், டிட், வில் வந்தால் வெறும் வாக். எல்லோரும் பயப்படுகிற ‘வில் ஹேவ் பீன் வாக்கிங்’கைப் பிரித்துப் பாருங்கள்: வில்லுக்குப் பின் வெறும் ஹேவ், ஹேவுக்குப் பின் பீன், பீனுக்குப் பின் வாக்கிங். ஒவ்வொரு சொல்லும் தனக்கு அடுத்த சொல்லின் உருவத்தை முடிவு செய்கிறது, அவ்வளவுதான். செயப்பாட்டுவினை இதில் சேராது, அது தனிக் கணக்கு.

‘டிட் யூ கால்ட் மீ?’ தவறா?

தவறுதான். காலத்தை டிட் ஏற்கெனவே தூக்கிக்கொண்டுவிட்டது, ‘டிட் யூ கால் மீ’ போதும். ‘நேற்று அழைக்கவில்லை’ என்கிறோமே, அதில் ‘அழைக்க’ என்பது காலம் காட்டுகிறதா? அதே மாதிரிதான். டிட் வந்தால் ஈடி கிடையாது.

ஈடியை ஏன் ஒவ்வொரு சொல்லிலும் ஒவ்வொரு மாதிரி உச்சரிக்கிறார்கள்? எங்கள் வகுப்பில் ‘வாக்கெட்’ என்றுதான் சொல்லித்தந்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு ‘வாக்’ சொல்லுங்கள், கடைசி ஒலியில் அதிர்வு இருக்காது. அதனால் ஈடியும் அதிராமல், ‘பட்டு’வில் வரும் வல்லின ட் போல ஒட்டிக்கொள்ளும். ‘லாஃப்’, ‘ஸ்டாப்’ இதே வகை. இப்போது ‘கால்’ சொல்லுங்கள், ல் அதிரும், அதனால் ‘பாடு’வில் வரும் மெல்லிய ஒலி சேரும். ‘ப்ளே’யும் அப்படியே. சொல்லே இந்த இரண்டு ஒலிகளில் ஒன்றில் முடிந்தால் மட்டும், ஒட்ட இடமில்லாததால், ஓர் அசை கூடும்: வான்–டட், நீ–டட். ஆக ‘வாக்ட்’ ஓர் அசைதான், ‘வாக்கெட்’ என்று நீட்டாதீர்கள்.

இது விசித்திரமாகத் தோன்றினால் நன்னூலை நினைத்துக்கொள்ளுங்கள். இறந்தகால இடைநிலை நமக்கே நான்கு: த், ட், ற், இன். செய்தான், உண்டான், தின்றான், ஓடினான்.

‘ஸ்டாப்’புக்கு ஈடி சேர்த்தால் பி இரட்டிக்கிறது, ‘விசிட்’டுக்கு டி இரட்டிப்பதில்லையே?

அழுத்தம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ‘விசிட்’டில் முதல் அசையில் விழுகிறது, அதனால் இரட்டிக்காது. ‘அட்மிட்’டில் கடைசி அசையில் விழுகிறது, இரட்டிக்கும். ‘ட்ராவல்’ மாதிரி எல்லில் முடியும் சொற்களுக்கு மட்டும் பிரிட்டனில் இரண்டு எல், அமெரிக்காவில் ஒன்று.

‘ஐ டிடின்ட் வான்டட்’ சரியா?

டிட் வந்தால் ஈடி கிடையாது. மேலே பாருங்கள்.

நீங்கள் எதிர்காலத்தையே விட்டுவிட்டீர்களே! வில் சேர்த்தால் எதிர்காலம் இல்லையா?

பொருளில் எதிர்காலம்தான். ஆனால் அந்த நான்கு உருவத்தில் எதிர்காலத்துக்கென்று ஒன்றும் இல்லையே. நிகழ்காலம், இறந்தகாலம் இரண்டுக்குத்தான் வினைச்சொல்லே மாறுகிறது. அதனால்தான் மொழியியலாளர்கள் பலர் ஆங்கிலத்தில் காலம் இரண்டே என்கிறார்கள். வில் என்பது கேன், மே, மஸ்ட் கூட்டத்தைச் சேர்ந்தது. ‘ஹீ வில் பி ஸ்லீப்பிங் நௌ’ என்றால் இப்போதைய ஊகம், நாளைய செய்தி இல்லை.

விடமாட்டேன். ‘இப்போது தூங்கிக்கொண்டிருப்பான்’ என்று தமிழிலும் எதிர்கால இடைநிலையை வைத்துத்தானே ஊகம் சொல்கிறோம்? அதற்காக அது எதிர்காலம் இல்லை என்போமா?

அருமையான அடி, ஒப்புக்கொள்கிறேன். ஊகத்துக்கு வருகிறது என்பதை மட்டும் வைத்து வில்லைத் தள்ள முடியாது, என் வாதத்தில் அந்தப் பகுதியை எடுத்துவிடுகிறேன். ஆனால் ‘இருப்பான்’ என்பதில் ப்ப் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. வில் வெளியே நிற்கிறது, நடுவில் ‘நாட்’ கூட நுழைந்துவிடும். போதாததற்கு வில்லே இல்லாமல் ‘த கிளாஸ் ஸ்டார்ட்ஸ் டுமாரோ’ என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள்.

பரீட்சையில் எதை எழுதுவது?

உங்கள் பாடப்புத்தகத்தில் இருப்பதை. மூன்று காலம் என்று இருந்தால் மூன்று.

‘ஐ ஹேவ் ஃபினிஷ்ட் இட் யெஸ்டர்டே’ என்று எழுதியதைச் சிவப்பில் வட்டமிட்டுவிட்டார்கள்.

சரியாகத்தான் வட்டமிட்டிருக்கிறார்கள். ‘போன வருடமே பார்த்திருக்கிறேன்’ என்று நாம் தாராளமாகச் சொல்வதால் வருகிற பழக்கம் இது. யெஸ்டர்டே என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ஹேவுக்கு இடமில்லை, ‘ஐ ஃபினிஷ்ட் இட் யெஸ்டர்டே’. எப்போது என்று சொல்லாவிட்டால் ‘ஐ ஹேவ் ஃபினிஷ்ட் இட்’ சரி.

‘டஸ் ஷீ வாக்ஸ்?’

டஸ் வந்தால் எஸ் கிடையாது. டிட் கதையேதான். தயவுசெய்து மேலே உள்ளதைப் படித்துவிட்டுக் கேளுங்கள், மூன்றாவது முறையாக எழுதுகிறேன்.

‘கோ’வுக்கு ஏன் ‘வென்ட்’?

ஒழுங்கற்ற வினை, இன்று இல்லை.

‘எ லேர்னெட் மேன்’ என்று செய்தியில் உச்சரித்தார்கள். நீங்கள் சொன்ன விதிப்படி ‘லேர்ன்ட்’ என்றல்லவா வர வேண்டும்?

நல்ல காது உங்களுக்கு. ‘கற்றறிந்த’ என்ற பொருளில் பெயரடையாக வரும்போது அது ‘லேர்னெட்’, இரண்டு அசை. ‘ஷீ லேர்ன்ட் இட்’ என்று வினையாக வந்தால் ஓர் அசை. ஒரு காலத்தில் ஈடியைத் தனி அசையாகவே சொன்னார்கள், அந்த வழக்கம் இப்படிச் சில பெயரடைகளில் தங்கிவிட்டது. ‘ப்ளெஸ்ஸெட்’, ‘தீய’ என்ற பொருளில் வரும் ‘விக்கெட்’ எல்லாம் அந்த வரிசைதான்.