இடத்தை விட்டுக்கொடுக்கலாமா? (பிராங்க்பர்ட் - சென்னை)

அம்மாவைப் பார்க்கப் போகும் விமானத்தில் ஆள் அதிகம், மறுநாள் போனால் 300 யூரோ வவுச்சர் தருகிறோம் என்று செய்தி வந்திருக்கிறது, ஏற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசர வேலை இல்லையென்றால் ஏற்கலாம், ஆனால் 300-க்கு வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, உங்கள் விருப்பம் இல்லாமல் இறக்கிவிட்டால் 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு 600 யூரோ வரை தர வேண்டும், அதுவும் நீங்கள் கையெழுத்துப் போட்டுச் சம்மதித்தால் ஒழிய வவுச்சராகத் தர முடியாது, பணம்தான். நீங்களாகவே முன்வந்தால் தொகை பேரத்தைப் பொறுத்தது, அதனால் 600-இல் ஆரம்பியுங்கள்.

எனக்கு இது ஒருமுறை நடந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் ஓட்டல், சாப்பாடு, மறுநாள் உறுதியான இருக்கை மூன்றையும் எழுத்தில் கேட்டேன். மறுநாள் போனால் பிசினஸ் கிளாஸில் உட்கார வைத்தார்கள்! கூடுதல் காசு கேட்பார்களோ என்று பயம் வேறு. மேல் வகுப்பில் அவர்களே உட்கார வைத்தால் கேட்கக்கூடாது என்று அதே விதியில் இருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. அம்மாவுக்கு மட்டும் ஒரு நாள் கோபம்.

ஒன்று கவனியுங்கள்: சென்னையிலிருந்து மதுரைக்குத் தனி டிக்கெட் என்கிறீர்களே, அது வீணானால் இவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள். அந்தக் காசையும் பேரத்தில் சேர்த்துக் கேளுங்கள். மாத்திரைகள் கைப்பையிலேயே இருக்கட்டும்.