கோயம்பேடு கடையில் மருந்து வைத்தும் எலி குறையவில்லை என்றும், மூட்டை சுமக்கும் ஆள் ஒருவரைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள்.
மருந்தை மாற்றினால் மட்டும் போதாது. நீங்கள் மட்டும் வைத்தால் செத்த எலியின் இடத்துக்குப் பக்கத்துக் கடை எலி வந்துவிடும்.

குப்பைதான் காரணமாக இருக்கும். கோஸ் இலையும் அழுகிய தக்காளியும் இரவெல்லாம் கிடக்கும். அள்ளுவது யார் பொறுப்பு என்று வாடகைக்காரரும் உரிமையாளரும் கைகாட்டிக்கொண்டிருப்பார்கள். இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள்: சுவரோரம் கருத்த பிசுக்குத் தடம் இருந்தால் அதுவே எலிப்பாதை. வரிசைக் கடைகள் அனைத்தும் ஒரே நாளில் சுத்தம் செய்து பொந்துகளை அடைத்துவிடுங்கள்.

அதைவிட அவசரம், பித்தவெடிப்போடு வெறுங்காலில் மூட்டை சுமப்பதாக நீங்கள் எழுதிய அந்த ஆள். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீர் வெடிப்பில் பட்டாலே எலிக்காய்ச்சல் வரலாம். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்றால் கூலி போகுமே என்று அவர் மாத்திரையோடு நிறுத்திக்கொள்ள விடாதீர்கள்; மருத்துவரிடம் அனுப்புங்கள். கண் சிவக்காமலும் எலிக்காய்ச்சல் வரும். மார்க்கெட் வேலை என்பதை மருத்துவரிடம் அவரே சொல்லட்டும்.