ஜிஎஸ்டி வந்தபோது மதுரைப் பக்கம் ஏன் அவ்வளவு சலசலப்பு?

சரக்கு, சேவை இரண்டுக்கும் நாடு முழுக்க ஒரே முறையில் விதிக்கும் வரிதான் ஜிஎஸ்டி. 2017 ஜூலை 1-ல் வந்தது. அதற்கு முன் ஆலையில் கலால் வரி, அதையும் சேர்த்த விலைக்குக் கடையில் வாட் என்ற விற்பனை வரி என்று வரிமேல் வரி விழுந்தது. இப்போது மொய் நோட்டுக் கணக்குதான். முன்பு நமக்கு வந்த 500-ஐக் கழித்து மிச்சத்தையே புது மொய்யாக எடுத்துக்கொள்வோமே, அதுபோல கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்து மீதியை வியாபாரி கட்டுகிறார்.

கொள்கையளவில் சரி. ஆனால் ஆரம்பத்தில் ஏசி ஓட்டலில் 200 ரூபாய்க்குச் சாப்பிட்டால் வரி மட்டும் 36 ரூபாய். ஏசி இல்லாவிட்டாலும் 24. பரோட்டா பில்லில் இதைப் பார்த்தால் கோபம் வராதா? அந்த நவம்பர் 15 முதல்தான் 5% ஆனது. சிவகாசியில் 28% என்றதும் பட்டாசு ஆலைகளையே மூடிப் போராடினார்கள். கீழமாசி வீதி மாதிரி மொத்த வியாபார இடங்களில் வரியைவிட, பேரேட்டுக் கணக்கை மாதாமாதம் கணினியில் ஏற்றுவதுதான் தலைவலி; நியாயமான தலைவலி என்றே சொல்வேன்.

ஓட்டல் பில்லில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என இரண்டு இருப்பதால் இருமுறை வரி வாங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். அந்த 5%-ஐத்தான் மத்திய அரசுக்கு 2.5, மாநில அரசுக்கு 2.5 என்று பிரித்து அச்சிடுகிறார்கள்.