கால்பந்து முடிவைக் கணிக்கும் ஸ்டார்ட்அப்புக்குப் பணம் கட்டலாமா?

மாதம் சில நூறு ரூபாய் கட்டினால் இங்கிலீஷ் பிரீமியர் லீக் முடிவுகளைப் புள்ளியியல் மூலம் முன்கூட்டியே சொல்கிறோம் என்று ஒரு ஸ்டார்ட்அப் விளம்பரம் செய்கிறது, இதெல்லாம் நிஜமா, சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கணக்கு நிஜம்தான். ஆனால் சேராதீர்கள்.

என் பிழைப்பே கணிப்புதான். வாங்கிய கடனை யார் ஒழுங்காகக் கட்டுவார், யார் கட்டமாட்டார் என்று ஒரு வங்கிக்காகப் பார்த்துச் சொல்கிறேன். அந்தப் பழக்கதோஷத்தில் ஒரு சீசன் முழுக்கக் கால்பந்துக்கும் எக்செலில் ஒரு மாடல் போட்டுப் பார்த்தேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பிளஸ் டூ வணிகக் கணிதத்தில் வருமே, பாய்சான் பரவல், அதேதான்: சராசரி தெரிந்தால் 0, 1, 2 கோல் என ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும். ஒவ்வொரு அணிக்கும் தாக்கும் பலம் ஒரு எண், தடுக்கும் பலம் ஒரு எண், சொந்த மைதானம் என்றால் கொஞ்சம் கூடுதல். மாஹெர் என்பவர் 1982-லேயே இதை எழுதிவிட்டார். 1997-ல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் டிக்ஸனும் கோல்ஸும் 0-0, 1-1 போன்ற சின்ன ஸ்கோர்கள் பாய்சான் சொல்வதுபோல் வருவதில்லை என்று அதைத் திருத்தினார்கள். பழைய ஆட்டங்களுக்கு மதிப்பைக் குறைத்து, அண்மைய ஆட்டங்களுக்குக் கூட்டினார்கள். இன்றைக்கு இந்தத் துறையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். சொந்த மைதான அணி சராசரியாக 1.6 கோல், வந்த அணி 1.1 கோல் அடிக்கும் என்று மாடல் சொல்கிறது. பாய்சானில் போட்டால் முதல் அணி ஜெயிக்க 49 சதவீதம், டிரா 25, தோற்க 26. இதில் ஒரு வேடிக்கை. தனித்தனி ஸ்கோராகப் பார்த்தால் முதலில் நிற்பது 1-1, அதுவும் வெறும் 12 சதவீதம். 1-0 அடுத்தது, 11. அதாவது ஜெயிக்க வாய்ப்பு அதிகம் உள்ள அணிக்கு, அதிகம் வரக்கூடிய ஸ்கோர் டிரா! “இன்று 2-1, உறுதி” என்று ஒருவர் சொன்னால் அவர் கணக்கே போடவில்லை என்று அர்த்தம்.

சரி, 49 சதவீதம் என்று தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன பயன்? பெட்டிங் நிறுவனம் அந்த அணிக்கு 1.95 ஆட்ஸ் தருகிறது என்று வையுங்கள். 100 ரூபாய் கட்டி ஜெயித்தால் 195 ரூபாய் கைக்கு வரும். இதே மாதிரி நூறு ஆட்டத்துக்குக் கட்டினால் 10,000 ரூபாய் போகும், 49 ஆட்டத்தில் ஜெயித்து 9,555 வரும். கணிப்பு அச்சுப்பிசகாமல் சரி, 445 ரூபாய் நஷ்டம். ஏனென்றால் எதிரில் உட்கார்ந்திருப்பவரிடமும் இதே டிக்ஸன்-கோல்ஸ் இருக்கிறது, அதற்கு மேல் தன் கமிஷனையும் அவர் ஆட்ஸிலேயே வைத்துவிடுகிறார். அவரைவிடத் துல்லியமாக இருந்தால் மட்டும் போதாது, கமிஷனையும் தாண்டும் அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும். என் எக்செல் தாண்டவில்லை. (பணம் கட்டவில்லை, நோட்டில்தான் எழுதிவைத்தேன். வீட்டில் தெரிந்தால் தொலைந்தேன்.)

தாண்டியவர்கள் உண்டு. மேத்யூ பென்ஹாம் ஆக்ஸ்ஃபோர்டில் இயற்பியல் படித்தவர், 2004-ல் கால்பந்து முடிவுகளைப் புள்ளியியலால் கணிக்கும் ஸ்மார்ட்ஆட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். டோனி புளூமின் ஸ்டார்லிஸார்டும் இதே ரகம். நமக்கு முக்கியமானது அவர்கள் அந்தக் கணிப்பை என்ன செய்தார்கள் என்பது. 499 ரூபாய்க்கு யாருக்கும் விற்கவில்லை. பந்தயத்தில் சம்பாதித்து, பென்ஹாம் பிரென்ட்ஃபோர்டு கிளப்பையே வாங்கினார், புளூம் பிரைட்டன் கிளப்புக்குத் தலைவரானார். அப்புறம் அதே கணக்கை ஆட்டக்காரர்களை வாங்கி விற்கவும் பயன்படுத்தினார்கள். 2017-ல் இரண்டு மில்லியன் பவுண்டுக்கும் குறைவாக பிரென்ட்ஃபோர்டு வாங்கிய ஆலி வாட்கின்ஸ், 2020-ல் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனபோது விலை சுமார் 28 மில்லியன். 2021-ல் கிளப் பிரீமியர் லீக்குக்கே ஏறியது, 74 வருடத்துக்குப் பிறகு இங்கிலாந்தின் முதல் அடுக்கில்.

அவ்வளவு கணக்குத் தெரிந்தவர் கிளப்புக்கே 2013 ஏப்ரல் 27-ல் என்ன நடந்தது தெரியுமா? மூன்றாம் அடுக்கில் கடைசி நாள், டான்காஸ்டரோடு ஆட்டம். 0-0. பிரென்ட்ஃபோர்டு ஜெயித்தால் மேலே போகலாம். கூடுதல் நேரத்தில் பெனால்டி கிடைக்கிறது. நான்கு பெனால்டிக்கு மூன்று உள்ளே போகும் என்பதுதான் பொதுக் கணக்கு. பிரென்ட்ஃபோர்டின் ட்ரோட்டா அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டுத் திரும்புகிறது. அதே பந்தை எடுத்துக்கொண்டு டான்காஸ்டர்காரர்கள் எதிர்ப்பக்கம் ஓடி, காப்பிங்கர் காலி கோலில் தட்டிவிடுகிறார். பிரென்ட்ஃபோர்டுக்குப் போயிருக்க வேண்டிய இடம் போனதோடு, டான்காஸ்டருக்குச் சாம்பியன் பட்டமும் கிடைத்தது. அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அந்த 75 சதவீதம் தப்பே இல்லை. மிச்சம் 25 அன்றைக்கு வந்தது, அவ்வளவுதான்.

கடைசியாக, நானே கெட்ட கதை. “92 சதவீதம் துல்லியம்” என்று சொன்ன ஒரு கட்டணக் குழுவில் ஐந்நூறு ரூபாய் கொடுத்துச் சேர்ந்தேன். இரண்டு வாரம் ஸ்கிரீன்ஷாட்களாக வந்து குவிந்தன, எல்லாம் ஜெயித்தவை. தோற்ற கணிப்புகள் மட்டும் ஆட்டம் முடிந்த கையோடு காணாமல் போயின. பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் கேட்டேன்: “சார், இதுவரை சொன்ன எல்லாக் கணிப்பையும், சொன்ன நேரத்தோடும் அப்போதைய ஆட்ஸோடும் ஒரே பட்டியலாகப் போட முடியுமா?” நீங்களும் அந்த ஸ்டார்ட்அப்பிடம் இதை மட்டும் கேட்டுப் பாருங்கள். எனக்குப் பதில் வரவில்லை. ஐந்து நிமிடத்தில் என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள்.