ஆர்வோ பார்ட்டின் எளிமை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நவீன செவ்வியல் இசை பற்றிய உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட்டைக் கேட்டேன். இனிமைதான். ஆனால் நாலைந்து ஸ்வரங்கள் மெதுவாகத் திரும்பத் திரும்ப வருகின்றன, அவ்வளவே. தியானத்துக்குப் பின்னணியாக ஓடவிடும் இசையிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த எளிமைக்கு அவர் சுற்றுவழியில்தான் வந்து சேர்ந்தார். 1935-ல் எஸ்தோனியாவில் பிறந்தவர். 1960-ல் ‘நெக்ரோலோக்’ ஆக்கத்தில் பன்னிரண்டு ஸ்வரங்களுக்கும் சம இடம் தரும் பன்னிரு ஸ்வர முறையைக் கையாண்டு, அப்போது அந்நாட்டை ஆண்ட சோவியத் அதிகாரிகளின் கண்டனத்துக்கு ஆளானார். 1968-ன் ‘கிரேடோ’வில் வெளிப்படையான கிறிஸ்தவ விசுவாச அறிக்கை இருந்ததால் அது தடைசெய்யப்பட்டது. அதன்பின் மூன்றாம் சிம்பொனி போல ஓரிரண்டு தவிரப் பெரிதாக எதுவும் எழுதவில்லை. கிரிகோரியன் கீதங்கள் எனும் பழைய கத்தோலிக்க வழிபாட்டுப் பாடல்களையும் பழைய பல்குரல் இசையையும் கற்றுக்கொண்டிருந்தார். 1976-ல் ‘ஃபுர் அலினா’ என்ற சிறு பியானோ ஆக்கத்துடன் புதிய முறை பிறந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் டின்டினாபுலி, லத்தீனில் சிறு மணிகள்.

முறை மிகக் கறாரானது. இரண்டு குரல்கள். ஒன்று பெரும்பாலும் படிப்படியாக நகரும். அது நகரும் ஸ்வரவரிசையை நம் நடபைரவி ராகம், அதாவது மேற்கின் மைனர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றதற்கு ச, க, ப மட்டுமே அனுமதி. முதல் குரல் நிற்கும் ஸ்வரத்துக்குக் கீழே மிக அருகில் இருப்பதை அது எடுக்க வேண்டும்: ரி வந்தால் ச, ம வந்தால் க, த வந்தால் ப. (சில ஆக்கங்களில் மேலே இருப்பதை எடுக்கும்.) ஹார்மோனியத்தில் சேர்த்து அழுத்திப் பாருங்கள். க–ச இணங்கும், ரி–ச உரசும், த–ப அரை ஸ்வர தூரமே என்பதால் இன்னும் கூர்மையாக உரசும். எது எப்போது உரசும் என்பதை விதியே தீர்மானிக்கிறது. பின்னணி இசையில் இந்த உரசலைத்தான் முதலில் மழித்துவிடுவார்கள்.

பெஞ்சமின் பிரிட்டனின் நினைவுக்கு 1977-ல் எழுதிய ‘கான்டஸ்’ இதன் உச்சம் என்பேன். தந்தி வாத்தியங்களும் ஒரு மணியும் மட்டும். ச, ச-நி, ச-நி-த என்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஸ்வரம் கூடிக்கொண்டே இறங்கும். முதல் வயலின் வாசிப்பதை இரண்டாம் வயலின் பாதி வேகத்தில், வியோலா கால், செல்லோ அரைக்கால், டபுள் பாஸ் மாகாணி வேகத்தில் வாசிக்கும். பல்லவியில் காலத்தை மாற்றி மாற்றிப் பாடுவோமே, இங்கே ஐந்து காலங்களும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. வியோலாவுக்கு மட்டும் துணைக்குரல் கிடையாது.

முடிவில் எல்லா வாத்தியங்களும் உச்ச ஒலியில் நிற்கும்போதே மணியை மிக மென்மையாக அடிக்க வேண்டும். அடி கேட்கக்கூடாது. வாத்தியங்கள் நின்றபின் மணியின் கார்வை மட்டும் தெரியும். அதனோடு சேர்ந்தெழும் மெல்லிய மேற்சுரங்களில் மேஜருக்குரிய அந்தர காந்தாரம் ஒளிந்திருப்பதால் மைனரில் வந்த ஆக்கம் மேஜரில் முடிந்ததுபோல ஒலிக்கும். அடி கேட்டுவிட்டால் எல்லாம் போயிற்று. வயலின்கள் அதிகமாக விப்ராட்டோ (ஸ்வர நடுக்கம்) கொடுத்தாலும் உரசல்கள் மங்கிவிடும்.

1980-ல் நாட்டை விட்டு வெளியேறி வியன்னா, பின் பெர்லின். 1984-ல் ஈசிஎம் என்ற ஜெர்மன் நிறுவனம் வெளியிட்ட ‘டபுலா ராசா’ இசைத்தட்டுதான் உலகெங்கும் அவருக்குக் கேட்பவர்களைத் தந்தது. ‘கான்டஸ்’ அதிலேயே இருக்கிறது. ஹெட்போனில் கேளுங்கள், ஐந்து நிமிடம்தான். முதல் முறை டபுள் பாஸை மட்டும் பின்தொடருங்கள், அடுத்த முறை முதல் வயலினை.