மாசக் கடைசி இருப்பை வச்சு வட்டி போட்டா எப்படிங்க?

கேள்வி: சார், என் சேவிங்ஸ் அக்கவுண்ட்டுக்கு வருஷத்துக்கு 3 சதவீத வட்டி. போன மாசக் கடைசியில இருப்பு 1,00,000. அதை 3 சதவீதத்தால பெருக்கி 12ஆல வகுத்தா 250 வரணும்ல, ஆனா அந்த மாசத்துக்குன்னு போட்டிருக்கிறது 197.26 தான். மீதி எங்க போச்சு?

பதில்: எங்கயும் போகலைங்க. நீங்க மாசக் கடைசியில இருந்ததை மட்டும் பாத்தீங்க, பாங்க் ஒவ்வொரு நாளும் ராத்திரி கணக்கு முடிக்கும்போது என்ன இருந்துச்சுன்னு பாக்குது. நீங்க அனுப்பின ஸ்டேட்மென்ட்ல முதல் 10 நாள் 70,000, அப்புறம் 5 நாள் 40,000, கடைசி 15 நாள்தான் 1,00,000. இருப்பை நாளால பெருக்குங்க, 7,00,000, 2,00,000, 15,00,000, கூட்டினா 24,00,000. இதை 3ஆல பெருக்கி 36,500ஆல வகுத்தா அதே 197.26 வந்துடும். 36,500ன்னா வேற ஒண்ணும் இல்ல, 365 நாளும் சதவீதத்துக்கான 100ம் சேர்ந்ததுதான். சில இடத்துல வருஷத்துக்கு 360 நாள்னு வச்சுக்குவாங்க, அப்படின்னா இதே கணக்கு சரியா 200 ஆயிடும், அதனால சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி எத்தனை நாள் கணக்குன்னு கேட்டுக்குங்க, லீப் வருஷத்துல 366ஆல வகுக்கிறாங்களான்னும் கேளுங்க.

உண்மையில இந்த முறை உங்களுக்கு லாபம்தான். மாசத்துலயே குறைஞ்ச இருப்புக்குத்தான் வட்டின்னு ஒரு பழைய முறை உண்டு, அதுல அந்த 5 நாள் 40,000க்கு இறங்கின பாவத்துக்கு மாசம் முழுக்க வெறும் 100தான் கிடைச்சிருக்கும். இப்போ காலையில எடுத்து அன்னிக்கு கணக்கு முடியுறதுக்குள்ள திருப்பிப் போட்டுட்டா வட்டி ஒரு பைசா குறையாது.

இன்னொண்ணு, தினமும் வட்டி கணக்குப் போடறதும் தினமும் அசலோட சேர்க்கறதும் வேற வேற. நிறைய பேர் இதுலதான் குழம்பறாங்க. 1,00,000ஐ தொடாம வருஷம் பூரா வச்சிருந்தா, தினமும் சேர்த்தா சுமார் 3,045, மூணு மாசத்துக்கு ஒருக்கா சேர்த்தா 3,034, அவ்ளோதான் வித்தியாசம், அதுக்காக பாங்க் மாத்தாதீங்க. அப்புறம் எக்செல்ல போடறவங்க ஒவ்வொரு நாள் வட்டியையும் ரவுண்டு பண்ணிக் கூட்டாதீங்க, கடைசியில ஒரு தடவை பண்ணினா போதும், இல்லன்னா சில்லறை இடிக்கும், அப்புறம் அதுக்கும் எனக்குத்தான் லெட்டர் வரும்.